கடிக்காத குண்டுமணி

"கடிச்சியா, முழுங்கிட்டியா?"

மெட்டில்டா டீச்சர் ஹஃபீசாவின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். நாலு வயசுப் பிள்ளை வாயை ஆவென்று திறந்தது.

நாக்கில் சிவப்புத் துணுக்கு இல்லை. பல்லிடுக்கிலும் இல்லை. முழுங்கிவிட்டேன் என்று பெருமையாகத் தலையை ஆட்டியது.

எதிர் வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நூர் பீவி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை.

"அழாத நூரு. விஷமெல்லாம் உள்ளே இருக்கு, ஓடு கெட்டி. கடிச்சாத்தான் ஆபத்து. முழுசாப் போனது முழுசா வந்துரும். ரெண்டு வாழைப்பழம் குடு, போ."

கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கு மெட்டில்டா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுப்பவள். ஊமத்தங்காயோ அரளி விதையோ, எந்தப் பிள்ளை எதை வாயில் வைத்தாலும் டாக்டரைத் தேடுமுன் அவளைத்தான் தேடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறாள்!

நூர் பீவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குட்டு வைக்காமல் அனுப்பினால் டீச்சருக்குத் தூக்கம் வராது. வேலியில் படர்ந்த குண்டுமணிக் கொடியை வெட்டு, வெட்டு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டாயா என்று பிடித்துக்கொண்டாள்.

"அவரு அன்னிக்கே வெட்டிட்டாரே டீச்சர்."

அப்படியானால் இது ஏது?

ஹஃபீசா மூடியிருந்த கையைத் தானாகவே விரித்தாள். உள்ளங்கையில் இன்னும் ஒரு குண்டுமணி. அதன் நடுவே வெள்ளை நூல் ஒன்று தொங்கியது.

மெட்டில்டா திரும்பித் தன் ஜன்னலைப் பார்த்தாள். மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்காக அவளே கோத்து, ஆணியில் மாட்டியிருந்த ஜெபமாலைகளில் ஒன்று அறுந்து தொங்கியது.

அத்தனை மணியின் கெட்டி ஓட்டையும் ஊறவைத்து, ஊசியால் துளைத்தவள் அவள்தான்.

பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜட்கா வண்டியை நோக்கி ஓடினாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னீங்களே டீச்சர்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள் நூர் பீவி.