மூக்கு இல்லாத கத்தி

“வாங்க டாக்டர். வாங்க டீச்சர். லிப்ட்காரத் தம்பியும் வந்தாச்சா, வாங்க வாங்க.”

அக்கா கதவைத் திறந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக, தெருமுனை வரை கேட்கும்படி அழைத்தார்.

அக்காவின் தொண்டை மட்டும் மாறவே இல்லை என்று சொல்லிச் சிரித்தபடி மூன்று பேரும் செருப்பைக் கழற்றினார்கள். அக்காவின் கணவர், இவர்களுக்கெல்லாம் அண்ணன், இறந்த பிறகு அவர்கள் சேர்ந்து இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

பல் டாக்டர், கணக்கு டீச்சர், லிப்ட் மெக்கானிக். வேறெந்த வகையிலும் ஒட்டாத இந்த மூவரையும் சேர்த்து வைத்தது ஜப்பான் கத்திப் பைத்தியம். அவரவர் வீட்டில் இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து கேரட்டையும் முட்டைக்கோஸையும் நறுக்கித் தள்ளிவிட்டு, எந்தக் கத்தி உசத்தி என்று சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். பைத்தியங்களுக்குத் தலைவர் அண்ணன்.

மேஜைமேல் அக்கா துணிச்சுருளை விரித்தார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணனின் விருப்பம் அது.

டாக்டர் யோசிக்காமல் நாகிரியை எடுத்தார். காய்கறிக்கென்றே செய்த, சதுர முகம் கொண்ட கத்தி. எல்லா வேலைக்கும் ஈடுகொடுக்கும் சான்டோகுவை டீச்சர் எடுத்துக்கொண்டார். நாலு பேருக்குச் சமைக்க நாகிரி எதற்கு என்றார் டீச்சர். சான்டோகு எதிலும் முழுசாகத் தேறாத கத்தி என்றார் டாக்டர். பழைய சண்டை அப்படியே திரும்பி வந்ததில் இருவருக்கும் கண் கலங்கியது. டாக்டர் மீசையை எடுத்திருந்ததால் உதடு துடித்தது நன்றாகவே தெரிந்தது.

தண்ணீர் குடிக்க உள்ளே போன லிப்ட்காரத் தம்பி, தொட்டிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கத்தியோடு திரும்பி வந்தார்.

அது சுருளில் இல்லாத கத்தி. அதை உள்ளே எடுத்து வைக்க அக்கா மறந்துவிட்டார்.

மூவரும் அதன்மேல் பாய்ந்தார்கள். முனை மழுங்கலாக இருப்பதால் நாகிரிதான் என்றார் டாக்டர். நாகிரிக்கு இவ்வளவு நீளம் ஏது, வளைவு ஏது என்று மடக்கினார் டீச்சர். யாரோ ஒரு கொல்லர் அண்ணனுக்காகவே செய்து தந்த புது ரகமாக இருக்கும் என்றார் தம்பி. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எக்ஸ்ரே பார்ப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது கியூட்டோ, அக்கா. கறி வெட்டுற கத்தி. ஊசி மாதிரி முனை இருந்திருக்கணும். யாரோ தேச்சு எடுத்திருக்காங்க. சாணைக் கல்லக் கொண்டாங்க, நான் மூக்கு வெச்சுத் தரேன்.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வாய் வரை வந்ததை அவர் சொல்லியே இருப்பார். அதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணன் மாதிரி வராதுக்கா. நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே வெட்டுவாரு. கத்திய ஒரு தடவை குனிஞ்சு பாத்ததில்ல.”

டீச்சரும் சேர்ந்துகொண்டார். புதுக் கத்தி கொண்டுவந்தால் அண்ணன் வாயே திறக்க மாட்டார், எப்படி இருக்கிறதென்று நம்மையே சொல்லச் சொல்வார், பரீட்சை வைக்கிற மாதிரி. அப்புறம் கட்டைவிரலால் ஒரு தடவு, வெங்காயத்தில் ஒரு வெட்டு, சத்தத்தைக் கேட்டே தீர்ப்பு. நாம் எத்தனை கூப்பிட்டும் ஒரு தடவைகூட நம் வீட்டுக்கு வந்ததில்லை, அவ்வளவு கர்வம் என்றார். மூவரும் அந்தக் கர்வத்தையும் சேர்த்தே ரசித்தார்கள்.

அண்ணனுக்குக் கண் தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசி வருடங்களில் முழுதாகவே போய்விட்டது. இவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். யார் வந்தது, யார் போனது என்று அக்காவின் தொண்டைதான் அவருக்குச் சொல்லும். தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள், கத்தியைக் கையில் தர மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். ஒருநாள் துழாவும்போது கியூட்டோவின் முனை உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மறுநாள் அக்கா கல்லை எடுத்துவைத்து முனையைத் தேய்க்க உட்கார்ந்தார். கத்தியை ஈரத்தோடு வைத்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர், அந்தச் சத்தத்தைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்போது கொஞ்சம் வளைவாக முடி, அசிங்கமாக இருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அக்கா கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார்.

“நான்தான் கீழ போட்டு உடைச்சேன். அவர்கிட்ட சொல்லாம நானே தேச்சு, அவர் கண்ணுல படாம வெச்சுட்டேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்தியைக் கீழே போடுவது அவர்கள் கணக்கில் மன்னிக்க முடியாத குற்றம். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார்கள். அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாமல் போனதே நல்லது என்றார் டாக்டர்.

அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

புறப்படும்போது வாசலில் நின்று, டாக்டர் போயிட்டு வாங்க, டீச்சர் பாத்து எறங்குங்க, தம்பி வண்டிய மெதுவா ஓட்டுங்க என்று உரக்க வழியனுப்பினார். படியிறங்கும்போதும் அவர்கள் அந்தத் தொண்டையைக் கேலி செய்துகொண்டுதான் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அக்கா அடுப்படிக்கு வந்தார். கத்தியைத் துடைத்து, கை நீட்டினால் எட்டுகிற அதே இடத்தில், பிடி வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்தார்.

“டாக்டர் மீசைய எடுத்துட்டாருங்க,” என்றார், அண்ணன் நின்று வெட்டும் இடத்தைப் பார்த்து.