துடைத்த போன்

“இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. மீட்டெடுக்கவும் முடியல,” என்றார் சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நேத்து வரைக்கும் இருந்துச்சு சார். என் அந்தரங்கப் படத்தை அனுப்பி, பரப்பிடுவேன்னு என் ஆபீஸ்காரன் எழுதினது, பேசி அனுப்பினது, எல்லாமே.”

“அவன் கணக்கையே மூடிட்டான். உன் போன்தான் ஒரே சாட்சி. இது இல்லாம கோர்ட்ல நான் வாயே திறக்க முடியாது. என்ன, அவன்கூட ராசியாயிட்டியா?”

அவள் பக்கத்திலிருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அவளைச் சொல்லாதீங்க சார். நான்தான் காலைல எல்லாத்தையும் அழிச்சேன்,” என்றாள் அம்மா. “ஸ்டேஷன்ல நாலு ஆம்பளைங்க என் பொண்ணை அந்தக் கோலத்துல பாப்பீங்களே! போன்ல இடமில்லன்னா அழிக்கிறது எப்படின்னு அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா.”

இன்ஸ்பெக்டர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “படம் இன்னும் அவன்கிட்ட பத்திரமா இருக்கும்மா. நீங்க அழிச்சது அவன் பண்ணின தப்பை மட்டும்தான்.”

அவள் அம்மாவின் கையை விட்டுவிட்டாள்.

அம்மா எழுந்து நின்றாள். “அப்போ, அவன்கிட்ட இருக்கறதையும் கொஞ்சம் அழிக்கச் சொல்லுங்களேன் சார்.”