மட்கார்டில் கறுப்பு ஸ்டிக்கர்

"தொடாதே ஜாய்! தூசியோட துடைச்சா கீறல் விழும்!"

எரிக் வீட்டில் தினமும் கேட்கிற சத்தம் இது. கணவனுக்கென்று ஜாய் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த பைக்தான். ஆனால் அதன் கிட்டே போக அவளுக்கே அனுமதி இல்லை.

டேங்க் மேல் கண்ணாடி மாதிரி பிலிம். ரோட்டுக் கல் பட்டுக் கீறாமல் இருக்க என்று முன் மட்கார்டில் கறுப்பு ஸ்டிக்கர். கீழே கம்பிகளில் எல்லாம் சுற்றிய பழைய சைக்கிள் டியூப். குழாய் போடத் தோண்டின ரோட்டில் ஜல்லி தெறிக்கும் என்று, கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்த்தான் பெங்களூர் ரயில் ஏறுவான் எரிக்.

"உன் வீட்டுக்காரரு வண்டி வாங்கினாரா, தத்து எடுத்தாரா?" என்று கேட்பாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மா.

அந்த வெங்கடம்மாதான் அன்று மத்தியானம் சுகர் இறங்கி வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. ஜாய் வண்டிச் சாவியை எடுத்தாள். எதிர்வீட்டு மாலா பின்னால் உட்கார்ந்து வெங்கடம்மாவைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேராக ஆண்டர்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

குளுக்கோஸ் ஏறியதும் வெங்கடம்மா கண்ணைத் திறந்தாள்.

"இன்னாடி, எரிக் வண்டியிலயா வந்தோம்? என்னை அங்கயே வுட்டிருக்கலாம். உன் உயிராவது மிஞ்சியிருக்கும்."

ஜாய்க்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து வண்டியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

வழியில் லாரி கிளப்பிய ஜல்லி பட்டு, மட்கார்டு ஸ்டிக்கர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மாலாவை ஆஸ்பத்திரியில் துணைக்கு விட்டுவிட்டு, பஜாரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ரூபேஷிடம் வண்டியோடு ஓடினாள்.

"ரூபேஷ், எங்க வீட்டுக்காரரு சாயங்கால ரயில்ல வர்றதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு ஒட்டிக் குடு. போன வாரம் சீட்டு மேல பூனை படுத்துச்சின்னு ரெண்டு நாளு எங்கூடப் பேசல அந்த மனுசன்."

ரூபேஷ் மட்கார்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வுட்டுட்டுப் போங்கக்கா. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இங்கயே நிக்கிறேன்."

"வெயிலா இருக்குதுக்கா."

"இருக்கட்டும். கல்லு பெயிண்ட்டையும் பேத்துடுச்சான்னு பார்க்கணும். பிரி."

"அக்கா, வேணாம்..."

அவளே கிழிந்த முனையைப் பிடித்து இழுத்தாள்.

கல் பட்ட இடத்தில் சின்னப் புள்ளிதான். ஆனால் அதற்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். பசை போட்டு ஒட்டிய, பழைய விரிசல்.

அப்பாடா என்றிருந்தது ஜாய்க்கு. அடுத்த நொடியே கோபம் வந்தது.

"ஓகோ! தானே எங்கயோ போயி முட்டிட்டு, மேல கறுப்பு ஒட்டி மறைச்சிட்டு, எனக்கு உபதேசமா? வரட்டும் இன்னைக்கு!"

"எரிக் அண்ணன் முட்டலக்கா."

"பின்ன யாரு?"

ரூபேஷ் தலையைச் சொறிந்தான். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"ரூபேஷ்!"

"வண்டி வந்த புதுசுல, கரண்ட் போன நேரமா பார்த்து நீங்க வீட்டுக்குள்ள தள்ளினீங்களாமே. படிக்கல்லுல இடிச்சிட்டீங்கக்கா."

ஜாய் அந்த விரிசல் மேல் விரலை வைத்தாள்.

"ஒரு சத்தம் கேட்டுச்சி," என்றாள் மெதுவாக. "பக்கெட்டு உருண்டுச்சின்னுதானே நினைச்சேன்..."

"அண்ணனும் அதான் சொன்னாரு. 'அவ பக்கெட்டுன்னே நினைச்சிக்கட்டும்பா. ஆசையா வாங்கினது தன் கையாலயே உடைஞ்சிதுன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு இறங்காது. பழி ரோட்டுக் கல்லு மேலயே இருக்கட்டும், நீ ஒட்டு'ன்னாருக்கா."