மூன்று செங்கோடன்கள்

பிள்ளைக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரில் வாழ்ந்த புகழ்பெற்றவர்களின் ஒளியுருவங்கள் தொட்டில் பார்க்க வந்துவிடும் காலம் அது. ஓயாமல் அழும் தன் பிள்ளைக்குக் கோகிலா மாமனார் பெயரையே வைத்தாள். மூன்று செங்கோடன்கள் வந்து நின்றார்கள்: ஒரு தளபதி, ஒரு வைத்தியர், ஒரு பேர்போன திருடர்.

தளபதி தாலாட்டென்று போர்ப்பாட்டைப் பாடினார், பிள்ளை வீறிட்டது. வைத்தியர் வசம்பு உரைக்கச் சொன்னார், இன்னும் வீறிட்டது. திருடர் தொட்டிலருகே குந்தி ஏதோ முணுமுணுத்தார். பிள்ளை சொக்கிப்போய்த் தூங்கியது.

"என்னங்கண்ணா சொன்னீங்க?"

"நாய் வாய்க்கட்டு மந்திரந்தானுங்க அம்மிணி. எந்த ஊட்டுல பூந்தாலும் மொதல்ல வாசல் நாய்க்கு அதத்தான் சொல்லுவனுங்க."

கோகிலா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் சாய்ந்தாள்.

"எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கண்ணா. தூங்கி ஒரு மாசமாச்சு."