கண்ணில் கட்டிய துணி

“எட்டாயிரம் தரலாம்,” என்றார் மனோகரன்.

“சரி சார், எடுத்துக்கங்க,” என்று உடனே தலையாட்டிவிட்டார் கிறிஸ்துதாஸ்.

அவர் மகள் செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மவுண்ட் ரோடிலிருந்து கள்ளிக்குப்பத்துக்கு பஸ் ஏறி வந்த பழம்பொருள் வியாபாரி முதலில் சொன்ன விலைக்கே சரி என்பதா? கத்தரிக்காய்க்குக்கூட அப்பா இதைவிட அதிகமாகப் பேரம் பேசுவாரே. ரிட்டயரான நாளிலிருந்து இந்தப் படத்தை வீட்டைவிட்டு அனுப்புவதிலேயே குறியாக இருந்தார்.

வெறும் படமா அது? மூலையில் 1887 என்று போட்ட எண்ணெய் ஓவியம். நீதியை ஒரு பெண்ணாக்கி, ஒரு கையில் தராசும் ஒரு கையில் வாளும் கொடுத்து, கண்ணை வெள்ளைத் துணியால் கட்டி நிற்க வைத்திருந்தது.

அது வீட்டுக்கு வந்த கதையை மனோகரனுக்கு அவளே சொன்னாள். அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியில் முனியன் என்ற தொழிலாளியின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டி நசுங்கிப்போனது. கூட வேலை செய்கிறவன் என்று தாட்சண்யம் பார்க்காமல், அன்று அவன் குடித்திருந்தான் என்று விசாரணையில் சாட்சி சொன்னவர் அப்பா ஒருத்தர்தான். முனியனுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. அப்பா ஃபோர்மேன் ஆனார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர், தன் பங்களாவில் மாட்டியிருந்த படத்தை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

‘உண்மைக்கு உறவில்லை’ என்ற தலைப்பில் இந்தக் கதையைப் பேசித்தான் செலின் காலேஜில் கப் வாங்கினாள். அந்தக் கப்பும் படத்துக்குக் கீழேயே இருந்தது.

“விக்கவே கூடாதுங்கறேன் நான். வித்தா நியாயமான விலைக்கு விக்கணும். எட்டாயிரம் எந்தக் கணக்கு சார்?”

“நல்ல படம்தாம்மா. இருபத்தஞ்சுகூடப் போகும்,” என்றார் மனோகரன். “ஆனா அந்தக் கண்கட்டு பிற்பாடு யாரோ அடிச்சது. ஓவியர் போட்ட கலர் இல்ல. எனாமல். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிறது.”

“விலையைக் குறைக்க நல்லா வழி கண்டுபிடிச்சீங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா அந்தத் துணி அங்கதான் இருக்கு. எங்கே, துடைச்சுக் காட்டுங்க பார்ப்போம்.”

“வேணாம்மா,” என்றார் அப்பா. “எட்டாயிரமே போதும்.”

“நீங்க சும்மா இருங்கப்பா. உங்களை மாதிரி ஆளைத்தான் எல்லாரும் ஏமாத்தறாங்க.”

மனோகரன் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். பைக்குள்ளிருந்து சின்ன சீசாவை எடுத்தார். பஞ்சை நனைத்து மெதுவாகத் தேய்த்தார். வெள்ளை பிசுபிசுத்து வழிந்தது.

உள்ளே ஒரு கண். நன்றாகத் திறந்திருந்தது. எதிரே, அப்பா தினமும் சாப்பிட உட்காரும் நாற்காலியை நேராகப் பார்த்தது.

செலின் ஒரு நிமிஷம் தடுமாறினாள். பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. “எல்லாம் அந்த வெள்ளைக்காரன் வேலை. கெட்டுப்போன படத்தை உங்க தலையில கட்டிட்டான்.”

“அவர் இல்லம்மா. ஜன்னலுக்கு வாங்கினதுல கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான்தான் அடிச்சேன்.”

“நீங்களா? ஏம்ப்பா?”

அப்பா படத்தின் பக்கம் திரும்பவில்லை.

“முனியன் ஒரு நாளும் குடிச்சதில்ல, செலின்.”