துணைக்கு வந்தவள்

“இந்தக் குடிய விட்டாத்தான் என்னண்ணே? பாருங்க, பயந்துபோய் அக்காவுக்குக் கை நடுங்குது!”

நகரத்து அரசு மருத்துவமனையின் குடிநோய் வார்டில், கட்டிலில் கிடந்த ஜெயச்சந்திரனை நர்ஸ் சுஜி ஒரு பிடி பிடித்தாள். அவள் தனுவச்சபுரத்துக்காரி. வந்திருப்பவர் பக்கத்து ஊரான பாறசாலைக்காரர் என்றதும் உரிமை கொஞ்சம் கூடிவிட்டது.

“இனி தொடமாட்டேன் மக்கா” என்றார் அவர் பணிவாக. துணைக்கு வந்திருந்த மனைவி விஜயம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போன சுஜி, பிரஷர் பார்க்கத் திரும்பி வந்தாள். கட்டிலில் விஜயம்மா படுத்திருந்தாள். ஜெயச்சந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்து, அதே மாத்திரையை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இது என்ன கூத்து?”

“குடி இவளுக்காக்கும் மக்கா. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. போன மாசம் கூட்டிட்டு வந்தப்பம், பொம்பளையளுக்கு இங்க கட்டில் இல்லண்ணு திருப்பி விட்டாவ. பிரைவெட்டுல கட்டில் உண்டு, நமக்குத்தான் பணத்துக்கு வகை இல்ல. ஆனா ஆம்பளை படுத்தா, துணைக்குப் பொம்பளை இருக்கலாமாம்...”

சுஜி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடினாள்.

“டாக்டர் வாற நேரம் மட்டும் நீங்க ஏறிப் படுங்கண்ணே” என்றாள். “கையக் கொஞ்சம் நடுங்க வையுங்க.”