ஐந்து மணி நேரத் தாமதம்

"எந்திரக் கோளாறு, எந்திரக் கோளாறுன்னு அஞ்சு மணி நேரமா இதையே சொல்றீங்களே!"

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர் பயணிகள் கவுன்டரைச் சூழ்ந்து கத்தினார்கள். எப்போது கிளம்பும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. ஒரு கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டது.

முதல்முறையாக விமானம் ஏற வந்திருந்த பொன்னுத்தாய்க்கு அந்த அழுகை தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிப் போனவர், மேனேஜர் அறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அம்மாவுக்கு மயக்கம்! தண்ணி கொண்டு வாங்க!" என்று பதறினார் பக்கத்தில் நின்றவர்.

"மயக்கமெல்லாம் இல்ல தம்பி. கத்துனா காதைப் பொத்திக்குவாங்க. வாசல்ல உக்காந்தா தாண்டிப் போக முடியாது. எல்லாரும் உக்காருங்க."

அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

"ரிப்பேரை நிதானமாவே பாருங்க, சார். ஆனா புள்ளைக்குப் பால் வேணும், எங்களுக்குச் சோறு வேணும், எப்பக் கிளம்பும்னு எழுத்துல வேணும்."

பத்து நிமிடத்தில் பால் வந்தது. பின்னாலேயே சாப்பாடும், கையெழுத்திட்ட கடிதமும் வந்தன. கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்கம்மா?" என்றார் மேனேஜர்.

"குடவாசல் பக்கத்துல. குடிசையைக் காலி பண்ணச் சொன்ன மிராசுதார் வாசல்ல பதினோரு நாள் இப்படித்தான் உக்காந்தோம்." பொன்னுத்தாய் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மனைப் பட்டா கைக்கு வந்தப்புறம்தான் எந்திரிச்சோம்!"